ஒன்பது வேளை அரசு, ஒரு வேளை நாங்கள்

மேற்கு வர்ஜீனியாவில் மாதம் பிறந்தால் முதல் ஒன்பது நாட்கள் மளிகைக் கடைகளில் கூட்டம் நெரியும். அரசின் உணவு உதவிப் பணம் அந்த நாட்களில்தான் அட்டையில் ஏறும். குடும்பப் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து, இன்ன எழுத்துக்கு இன்ன தேதி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கடைக்காரர்களும் அதற்குத் தகுந்தாற்போல் பாலையும் முட்டையையும் இறைச்சியையும் வரவழைத்து வைப்பார்கள். 2025 நவம்பரில் முதல் தேதி வந்தது, பணம் வரவில்லை. கடைகளில் ஈயாடியது. கூட்டம் எங்களிடம் வந்தது.

எங்களிடம் என்றால், ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் இயங்கும் சின்ன ‘ஃபுட் பேன்ட்ரி’யிடம். இல்லாதவர்கள் வந்து, விலை கொடுக்காமல் மளிகை வாங்கிப் போகிற இடம். சம்பளத்துக்கு அங்கே யாரும் இல்லை. பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், அவர்களோடு என்னைப் போல இரண்டு மூன்று பேர்.

நான் மன்னார்குடிக்காரி. என் கணவர் டாக்டர். மருத்துவர் தட்டுப்பாடு உள்ள பகுதியில் மூன்று வருஷம் வேலை பார்த்தால் வெளிநாட்டு டாக்டர்களுக்கு விசா விதியில் ஒரு சலுகை உண்டு. அப்படி இந்த அப்பலாச்சியன் மலைக்கு வந்து சேர்ந்தவர்கள், சலுகைக் காலம் முடிந்தும் இங்கேயே இருந்துவிட்டோம். சனிக்கிழமைகளில் நான் பேன்ட்ரியில் இருப்பேன். அமெரிக்காவில் சோற்றுக்குப் பஞ்சமா என்று ஊரில் இருப்பவர்கள் போனில் கேட்பார்கள். பஞ்சம் இல்லை. கடையில் எல்லாம் இருக்கிறது, வாங்கத்தான் காசு இல்லை. அந்தக் காசை அரசு எப்படிக் கொடுக்கிறது, அது நின்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அட்டையில் வரும் ரேஷன்

நம் ஊர் ரேஷன் கடையில் அரிசியையே அளந்து போடுகிறார்கள். இங்கே அரிசிக்கு உண்டான பணத்தை மாதாமாதம் ஒரு பிளாஸ்டிக் அட்டையில் ஏற்றிவிடுகிறார்கள். திட்டத்தின் பெயர் ‘ஸ்னாப்’. பழைய ஆட்கள் இன்னும் ‘ஃபுட் ஸ்டாம்ப்’ என்றுதான் சொல்கிறார்கள். அட்டையை எடுத்துக்கொண்டு வால்மார்ட்டுக்கும் போகலாம், மலையடிவாரத்துச் சின்னக் கடைக்கும் போகலாம். மாவு, பால், காய்கறி, இறைச்சி வாங்கலாம். சூடாகச் சமைத்து வைத்திருக்கும் கோழியை வாங்க முடியாது. சோப்பு, டாய்லெட் பேப்பர், குழந்தைக்கு டயப்பர், தலைவலி மாத்திரை எதற்கும் அந்த அட்டை செல்லாது.

2025-இல் நாடு முழுக்க ஏறத்தாழ 4.2 கோடிப் பேர் இதை நம்பி இருந்தார்கள். எட்டுப் பேரில் ஒருவர். மேற்கு வர்ஜீனியாவில் ஆறு பேரில் ஒருவர். சராசரியாக ஓர் ஆளுக்கு மாதம் 187 டாலர் வந்தது, அதாவது நாளைக்கு ஆறு டாலர் சொச்சம். ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். இங்கே ஒரு டஜன் முட்டையும் ஒரு கேலன் பாலும் வாங்கினால் அந்த ஆறு டாலர் தீர்ந்துவிடும். நான்கு பேர் குடும்பத்துக்கு, வேறு வருமானமே இல்லாவிட்டால், அதிகபட்சம் 994 டாலர். ஓய்வூதியம் கொஞ்சம் வருகிற வயதானவர்களில் பலருக்குக் கிடைப்பது குறைந்தபட்சத் தொகையான 24 டாலர்தான். அதையும் விடாமல் வாங்குகிறார்கள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

இந்தத் திட்டத்துக்கும் எங்கள் மலைக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1960-இல் ஜனாதிபதித் தேர்தல் பிரச்சாரத்துக்காக இந்தப் பக்கம் வந்த ஜான் கென்னடி, நிலக்கரித் தொழிலாளர் வீடுகளில் இருந்த வறுமையைக் கண்ணால் பார்த்தார். பதவிக்கு வந்ததும் உணவு உதவியை விரிவாக்கத்தான் முதல் உத்தரவில் கையெழுத்திட்டார். 1961 மே 29 அன்று, நம் ஊர் மாவட்டம் மாதிரியான மெக்டவல் கவுண்டியின் தலைநகரான வெல்ச்சில், விவசாயத் துறை அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமன், ஆல்டர்சன் மன்சி – க்ளோயி மன்சி தம்பதியிடம் 95 டாலர் மதிப்புள்ள ஃபுட் ஸ்டாம்புகளைக் கொடுத்தார். அவர்கள் வீட்டில் 15 பேர். அந்தத் தாள்களைக் கொண்டு அவர்கள் வாங்கிய முதல் பொருள், பன்றிக்கறி போட்ட பீன்ஸ் டப்பா ஒன்று. சோதனை முயற்சியாகத் தொடங்கியது 1964-இல் லிண்டன் ஜான்சன் காலத்தில் சட்டமானது. அதன் பிறகு, பொருளாதாரம் படுத்த காலங்களிலும், அரசு அலுவலகங்கள் மூடிக் கிடந்த காலங்களிலும், நாடு முழுக்க ஒரு மாதத் தவணை தவறியது என்பதே கிடையாது. 2025 நவம்பர்தான் முதல் தடவை.

நிலக்கரி போன பிறகு

மெக்டவல் கவுண்டியில் 1950-இல் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 20 ஆயிரத்துக்கும் குறைவு. சுரங்கங்களில் மனிதர்கள் செய்த வேலைக்கு இயந்திரங்கள் வந்தன. பிறகு சுரங்கங்களே ஒவ்வொன்றாக மூடின. 2016 ஜனவரியில் கிம்பால் என்ற ஊரில் இருந்த வால்மார்ட்டும் மூடியது. கவுண்டியிலேயே பெரிய கடை அதுதான். வேலை போனது, கடை போனது. கடையில் மிஞ்சுவதை வாங்கிப் பசித்தவர்களுக்குக் கொடுத்துவந்த உள்ளூர் பேன்ட்ரிக்கு வரவும் போனது. இன்று வெல்ச்சிலிருந்து வால்மார்ட் மாதிரிப் பெரிய கடைக்குப் போக வேண்டுமானால் மலைப்பாதையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பஸ்ஸை நம்ப முடியாது. பெட்ரோலுக்குக் காசு இல்லாதவர்கள் பக்கத்து டாலர் கடையில் நூடுல்ஸும் சிப்ஸும் வாங்கிச் சமாளிக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் வெள்ளம் வேறு வந்து, பல வீடுகளில் ஃபிரிட்ஜையும் அடுப்பையும் அடித்துக்கொண்டு போனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பேரப்பிள்ளைகளை வளர்ப்பவர்கள் தாத்தா பாட்டிகள்தான். முதுகுவலிக்கு என்று தாராளமாக எழுதிக் கொடுக்கப்பட்ட வலி மாத்திரைகளுக்கும், பின்னால் வந்த போதை மருந்துகளுக்கும் நடுத் தலைமுறை பலியாகிவிட்டது. அறுபது வயதில் மறுபடியும் பால் பாட்டில் கழுவுகிறவர்களை எங்கள் வரிசையில் வாராவாரம் பார்க்கிறேன்.

பேன்ட்ரிக்குள்

எங்களை நடத்துகிற அம்மாள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புதிதாக வருகிற தொண்டர்களுக்கு அவர் சொல்லும் பாடம் சின்னது: “பேரைக் கேள். வீட்டில் எத்தனை பேர் என்று கேள். ஏன் வந்தீங்கன்னு மட்டும் கேட்காதே.” அரசு கொடுக்கும் சரக்குக்காக, வருமானம் வரம்புக்குள் இருப்பதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்குவோம். அத்தோடு சரி.

சரக்கு மூன்று வழியில் வருகிறது. முதலாவது, மத்திய அரசின் விவசாயத் துறை வாங்கி அனுப்பும் உணவு. இரண்டாவது, சூப்பர் மார்க்கெட்டுகளில் தேதி நெருங்கியதால் ஒதுக்கப்படும் ரொட்டி, காய்கறி, உறைந்த இறைச்சி. மூன்றாவது, நன்கொடைப் பணத்தில் வாங்குவது. இவற்றில் பெரும்பகுதியை வட்டாரத்தின் ‘ஃபுட் பேங்க்’ என்னும் பெரிய கிடங்கு சேர்த்து லாரியில் அனுப்பும். 1967-இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் தொடங்கிய செயின்ட் மேரிஸ்தான் இந்த மாதிரிக் கிடங்குகளுக்கெல்லாம் முன்னோடி. இன்று ‘ஃபீடிங் அமெரிக்கா’ என்ற அமைப்பின் கீழ் 200 கிடங்குகளும், அவற்றிடம் சரக்கு வாங்கும் 60 ஆயிரம் பேன்ட்ரிகளும் அன்னதான மையங்களும் இருக்கின்றன.

ஒரு பெட்டியில் என்ன போடுவோம்? பச்சை பீன்ஸ் டப்பா, மக்காச்சோள டப்பா, மக்ரோனி, அரிசி, வேர்க்கடலை வெண்ணெய், ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லாத பால் பாக்கெட், டப்பாவில் அடைத்த இறைச்சி. கட்டாயம் இருக்க வேண்டியது பின்ட்டோ பீன்ஸ் என்னும் பழுப்புப் பயறு. அதில் உப்புப் பன்றிக்கறித் துண்டு ஒன்றைப் போட்டு நாள் முழுக்க வேகவைத்து, சோள ரொட்டியோடு சாப்பிடுவது இந்த மலைக்காரர்களின் அன்றாடச் சாப்பாடு. பெட்டியில் அது இல்லாவிட்டால் மற்றவை இருந்தும் குறைதான்.

மூடியில் வளையம் வைத்து இழுத்துத் திறக்கும் டப்பாக்களைத் தனியே எடுத்து வைப்போம். காரிலேயே குடியிருப்பவர்களிடம் டப்பா திறக்கும் கருவியும் இருக்காது, அடுப்பும் இருக்காது. சர்க்கரை நோயாளிக்கு ஒரு பெட்டி, பல் இல்லாதவருக்கு ஒரு பெட்டி என்று பார்த்துப் போட வேண்டும். நாய்த் தீனி ஏன் வைத்திருக்கிறோம் என்று ஆரம்பத்தில் எனக்கு விளங்கவில்லை. தனியாக வாழும் கிழவர்கள் தங்கள் தட்டில் இருப்பதைத்தான் நாய்க்குப் போடுவார்கள். நாய்க்குத் தனியாகக் கொடுத்தால்தான் கிழவர் முழுதாகச் சாப்பிடுவார்.

நவம்பருக்கு முன்பே எங்கள் அலமாரி இளைக்கத் தொடங்கிவிட்டது. 2025 வசந்த காலத்தில், ஃபுட் பேங்குகளுக்கு வரவேண்டிய ஏறத்தாழ 50 கோடி டாலர் மதிப்புள்ள உணவை விவசாயத் துறை நிறுத்தியது. சுற்றுவட்டார விவசாயிகளிடம் நேரடியாக வாங்குவதற்குக் கொடுத்துவந்த பணத்தையும் ரத்து செய்தது. எங்கள் பெட்டியிலிருந்து முதலில் காணாமல் போனவை இறைச்சியும் முட்டையும்.

பணம் நின்ற நவம்பர்

இங்கே அரசுச் செலவுக்கான மசோதாவை நாடாளுமன்றமான காங்கிரஸ் உரிய தேதிக்குள் நிறைவேற்றாவிட்டால், அத்தியாவசியம் அல்லாத அரசு வேலைகள் நிற்க வேண்டும். 2025 அக்டோபர் 1 அன்று அப்படி நின்றது. 43 நாள் நீடித்து, அதுவரையிலான அமெரிக்க வரலாற்றிலேயே நீளமான முடக்கம் என்று பெயர் வாங்கியது. அக்டோபர் மாத ஸ்னாப் பணம் வந்துவிட்டது. நவம்பருக்குப் பணம் இல்லை என்று விவசாயத் துறை கைவிரித்தது. அவசர கால நிதி என்று ஏறத்தாழ 465 கோடி டாலர் இருந்தது. மாதச் செலவோ 800 கோடி டாலருக்கு மேல். இருப்பதையாவது கொடுங்கள் என்று மாநிலங்களும் நகரங்களும் தொண்டு நிறுவனங்களும் வழக்குப் போட்டன. ரோட் ஐலண்டிலும் மாசசூசெட்ஸிலும் மத்திய நீதிபதிகள் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். பாதி தருவோம் என்றது அரசு, பிறகு 65 சதவீதம் என்றது. முழுதாகக் கொடு என்று கோர்ட் சொல்ல, சில மாநிலங்கள் உடனே கொடுத்தன. மறுநாள் இரவே உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கொடுத்ததைத் திரும்ப எடுங்கள் என்று மாநிலங்களுக்கு விவசாயத் துறையின் உத்தரவு போனது.

வாஷிங்டனில் இந்தப் பந்தாட்டம் நடந்த நாட்களில், எங்கள் வரிசை தேவாலய வாசலைத் தாண்டி, வண்டி நிறுத்துமிடத்தையும் தாண்டி, சாலையோரம் வரை போனது. கதவு திறக்க இரண்டு மணி நேரம் இருக்கும்போதே கார்கள் வந்து நிற்கும். பெட்ரோல் வீணாகும் என்று ஹீட்டரை அணைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வருகிற முகங்களில் பாதி புதுசு. மெக்டவலில் ஒரு மத்தியச் சிறைச்சாலை இருக்கிறது. அதன் காவலர்கள் முடக்கக் காலம் முழுக்கச் சம்பளம் இல்லாமல் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அப்படி ஒரு காவலரின் மனைவி, முன்பு பழைய துணிகளை நன்கொடையாகக் கொண்டுவந்து கொடுப்பவர், அன்று வரிசையில் நின்றார். நாங்கள் யாரும் அவரைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பளபளக்கும் பட்டை வைத்த சுரங்கச் சட்டை போட்ட ஒரு தாத்தா. வீட்டில் மூன்று பேரப்பிள்ளைகள். பெட்டியை வாங்கியதும் அங்கேயே திறந்து ஒவ்வொன்றாக எண்ணினார். குறை கண்டுபிடிக்கிறாரோ என்று நினைத்தேன். “இல்லை, மேம். திங்கட்கிழமை காலை வரைக்கும் ஓட்டணும். அப்புறம் பள்ளிக்கூடத்தில் காலையும் மதியமும் கொடுத்துடுவாங்க” என்றார். வேலை நாட்களில் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இலவசச் சாப்பாடு உண்டு. வெள்ளி சாயங்காலம் முதல் திங்கள் காலை வரை அவர் பாடு. “உங்களுக்கு?” என்றேன். “எனக்கென்ன, காபி இருக்கு.”

இன்னொரு பாட்டி தனக்குப் பெட்டி வேண்டாம் என்றார். “குழந்தைகள் இருக்கிற வீட்டுக்குக் கொடு, ஹனி. எனக்கு ரெண்டு டப்பா போதும்.” இந்த மலைக்காரர்களுக்குக் கை நீட்டுவது என்றால் உயிர் போகிற விஷயம். வாங்குவதற்குத் தகுதி இருந்தும் வராமலே இருந்துவிடுபவர்கள் எத்தனையோ பேர். பேச்சுக் கொடுத்து, மேலும் இரண்டு டப்பாவை அவர் பையில் போடுவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எங்களால் முடிந்தது என்ன? மாநில அரசு ஃபுட் பேங்குகளுக்குப் பணம் ஒதுக்கியது. மூட்டை தூக்க நேஷனல் கார்டு வீரர்களை அனுப்பியது. தேவாலயங்கள் உண்டியல் குலுக்கின. வேட்டைக்குப் போனவர்கள் மான் இறைச்சி கொடுத்தார்கள். ஆனாலும் பெட்டியில் எட்டு டப்பா போட்ட இடத்தில் ஐந்து போட்டோம். அப்படியும் கடைசியில் வந்த கார்களுக்கு ரொட்டி மட்டும்தான் மிஞ்சியது. நன்றி தெரிவிக்கும் திருநாளுக்காகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் நவம்பர் முதல் பாதியிலேயே தீர்த்துவிட்டோம்.

ஃபீடிங் அமெரிக்கா சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. நாடு முழுக்க உள்ள ஃபுட் பேங்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்தால், ஸ்னாப் ஒன்பது வேளை கொடுக்கிறது. அந்த ஒன்பதை நிறுத்திவிட்டு, தர்மசாலைகள் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னால் நாங்கள் ஒரே வாரத்தில் பத்து மடங்காக வேண்டும். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்களே, அதுதான் எங்கள் பெட்டி. பட்டினி கிடப்பவர்களோடு போகாது இந்தப் பாதிப்பு. மந்தமான காலத்தில் ஸ்னாப்பில் ஒரு டாலர் செலவழித்தால் நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ ஒன்றரை டாலர் கூடுகிறது என்று விவசாயத் துறையின் பொருளாதார அறிஞர்களே 2019-இல் கணக்கிட்டார்கள். எங்கள் பக்கத்தில் சின்னக் கடைகள் உயிரோடு இருப்பதே மாதத்தின் முதல் ஒன்பது நாள் வியாபாரத்தால். கடை மூடினால் அட்டையில் பணம் வந்தும் பயனில்லை.

மாதம் 80 மணி நேரம்

நவம்பர் 12 அன்று முடக்கம் முடிந்தது. அட்டைகளில் பணம் ஏறியது. 2026 செப்டம்பர் வரை ஸ்னாப்புக்கு நிதியும் ஒதுக்கிவிட்டார்கள். வரிசை சுருங்கியது உண்மை. பழைய அளவுக்குச் சுருங்கவில்லை.

காரணம், 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம். பத்து ஆண்டுகளில் ஸ்னாப்பிலிருந்து ஏறத்தாழ 18,700 கோடி டாலரை அது குறைக்கிறது. மாதம் 80 மணி நேரம் வேலையோ பயிற்சியோ காட்ட வேண்டும், காட்டாவிட்டால் மூன்று ஆண்டுகளில் மூன்று மாதம்தான் உதவி என்ற நிபந்தனை முன்பு 54 வயது வரை இருந்தது. இப்போது 64 வரை. கடைசிப் பிள்ளைக்கு 14 வயது ஆகிவிட்டால் பெற்றோருக்கும் அதே விதி. முன்னாள் ராணுவத்தினருக்கும் வீடற்றவர்களுக்கும் இருந்த விலக்கு போய்விட்டது. திட்டத்தின் நிர்வாகச் செலவில் மாநிலத்தின் பங்கு பாதியிலிருந்து முக்கால் ஆகப்போகிறது. மேற்கு வர்ஜீனியா மாதிரி ஏழை மாநிலம் அதற்கு எங்கே போகும்?

வேலை செய்யச் சொல்வது நியாயம்தானே என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். இந்த மாநிலமே அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 2016-இல் ஒன்பது கவுண்டிகளில் இந்த விதியை அமல்படுத்தினார்கள். ஐயாயிரம் பேருக்கு மேல் உதவியை இழந்தார்கள். அதனால் வேலையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை குறிப்பிடும்படி கூடவில்லை என்று மாநில அரசுத் துறையின் அறிக்கையே சொன்னது. வேலை இருந்தால்தானே போவதற்கு? 62 வயதில், சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டு, ஊனமுற்றவர் என்ற சான்றிதழும் கைக்கு வராமல், கார் இல்லாமல் இருக்கிற ஒருவர் 80 மணி நேரத்தை எந்த மலையில் போய்த் தேடுவார்? வேலை செய்கிறவர்களும் தப்பவில்லை. இந்த வாரம் 25 மணி நேரம், அடுத்த வாரம் 10 என்று கடைகள் மாற்றி மாற்றிக் கொடுக்கும். படிவமும் சம்பளச் சீட்டும் நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அட்டை நிற்கும்.

2023-இல் நாட்டின் 13.5 சதவீதக் குடும்பங்களுக்குப் போதுமான உணவுக்கு உத்தரவாதம் இல்லை என்று விவசாயத் துறையின் ஆண்டு அறிக்கை சொன்னது. கிராமப்புறங்களில் 15.4 சதவீதம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக எடுத்துவந்த அந்தக் கணக்கெடுப்பையும் இனி எடுப்பதில்லை என்று 2025 செப்டம்பரில் அறிவித்துவிட்டார்கள். வெட்டுகிற நேரத்தில் எண்ணுவதையும் நிறுத்தினால், நாளைக்கு யாருக்குப் பசி என்று எதை வைத்துச் சொல்வது?

தர்மம் செய்வதில் இந்த மலைக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எங்கள் பேன்ட்ரியில் பெட்டி தூக்குகிறவர்களில் பாதிப் பேர், மாதக் கடைசியில் தாங்களும் ஒரு பெட்டி எடுத்துப் போகிறவர்கள். ஆனால் அரசு செய்ய வேண்டியதை அடித்தள அறையில் இருபது கிழவர்கள் செய்ய முடியாது. நாங்கள் இருப்பது திடீர்க் கஷ்டத்துக்கு. மாதாந்தரச் சோற்றுக்கு அல்ல.

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்ச் சங்கங்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உணவுப் பொருள் சேர்த்துக் கொடுக்கின்றன, நல்ல காரியம். அது பெரும்பாலும் நகரத்துக் கிடங்குகளுக்கே போகிறது. ஒரு மணி நேரம் காரோட்டி வெளியே வந்தால் எங்களைப் போல ஒரு பேன்ட்ரி இருக்கும். துவரம்பருப்பு மூட்டை வேண்டாம், இங்கே யாருக்கும் சமைக்கத் தெரியாது. பணமாகக் கொடுங்கள், மொத்த விலையில் ஃபுட் பேங்க் உங்களைவிட அதிகமாக வாங்கும். பணம் முடியாதவர்கள் டயப்பரும் சோப்பும் டாய்லெட் பேப்பரும் கொடுங்கள். அந்த அட்டை அதற்குச் செல்லாது. ஓட்டுரிமை இருப்பவர்கள் உங்கள் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, ஸ்னாப்பை வெட்டாதே என்று சொல்லுங்கள். அந்தப் போனுக்குச் செலவு ஒன்றும் இல்லை. நீங்கள் அனுப்பும் நூறு பெட்டிகளைவிட அது அதிகம் பேருக்குச் சோறு போடும்.